ஜேசுராஜ் திறக்காத ஃபோல்டர்

எங்கள் ஆபீசில் யாருடைய சிஸ்டமாவது மக்கர் செய்தால் ஜேசுராஜ் வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், "நீங்களே திறங்கம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சுவரில் முருகன் காலண்டர் தொங்கும். நாங்கள் பாஸ்வேர்டு அடித்து, கெட்டுப்போன ஃபைலை மட்டும் திரையில் கொண்டுவந்து, "ம், பாருங்கண்ணே" என்று சொல்லும்வரை அவர் முருகனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னண்ணே, ஞாயித்துக்கிழமை சர்ச்சு, மத்த நாளெல்லாம் முருகனா?" என்று நான் வம்பிழுப்பேன்.

"ரெண்டு பேரும் கோவிச்சுக்க மாட்டாக வாணி" என்பார்.

மோட்டார் பம்பு விற்கிற கம்பெனி எங்களுடையது. பழங்காநத்தத்தில் கீழே குடோன், மேலே ஆபீஸ். நான் அக்கவுண்ட்ஸ். ஜேசுராஜ்தான் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும். எங்கள் மேஜையில் இருக்கும் பெட்டிகளில் எதுவும் தங்காது. நாங்கள் சேமிப்பதெல்லாம் மாடிப்படிக்கு அடியில் ஏசி போட்டு வைத்திருக்கும் சர்வருக்குப் போய்விடும். அங்கே ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அவரவர் பெயரில். எனக்குரியதை நான் மட்டும் திறக்கலாம், அடுத்தவருக்குத் திறக்காது. ஃபோல்டர் உண்டாக்குவது, பாஸ்வேர்டை மறந்து முழிப்பவர்களுக்குப் புதிது போட்டுத் தருவது, வேலையை விட்டுப் போனவர்களுடையதை எடுத்து ஒதுக்குவது எல்லாம் அவர் வேலை. அதனால் எல்லாப் பூட்டுக்கும் அவரிடம் சாவி உண்டு.

அவருக்கு முன்னால் இருந்தவன் அந்தச் சாவியை வைத்து என்ன செய்தான் என்பதைச் சொன்னால்தான் ஜேசுராஜைப் புரியும். அந்தத் தறுதலை பெண்களின் ஃபோல்டர்களை வரிசையாகத் திறந்து பார்த்திருக்கிறான். எங்களில் ஒருத்தியின் நிச்சயதார்த்தப் படம் விற்பனைப் பிரிவு ஆண்களின் போனில் சுற்றியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவனை அனுப்பினார்கள். அந்தப் பெண்ணும் வேலையை விட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு யாரும் ஃபோல்டரில் ஒரு துரும்பைக்கூட வைக்கவில்லை.

ஜேசுராஜ் சேர்ந்த முதல் வாரமே சாப்பாட்டு நேரத்தில் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து சின்னப் புதிய ஏற்பாட்டுப் புத்தகத்தை எடுத்து டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில் வைத்தார்.

"சாவி என்கிட்டதான் இருக்கும். அது இல்லாம நான் வேல பாக்க முடியாது. ஆனா ஒங்க ஃபோல்டர நான் திறந்து பாக்க மாட்டேன். இது மேல சத்தியம்" என்று அதன்மேல் கையை வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சினிமாவா காட்டுகிறார் என்று நினைத்தேன். ஆனால் மனிதர் சொன்னபடி நடந்தார். மேனேஜர் ஜெயபாண்டி ஒருமுறை, விற்பனைப் பிரிவில் ஒருவன் வேறு இடத்தில் வேலை தேடுகிறானா என்று அவன் ஃபோல்டரைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். "அவரக் கூப்பிட்டு நேராக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் ஜேசுராஜ். அந்த வருஷம் ஜெயபாண்டி அவர்மேல் கடுகடுவென்றே இருந்தார். "கேபிள் சொருக எவன் வேணா வருவான் வாணி. கண்ண அடக்குறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார் ஜேசுராஜ். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அப்பா மிஷன் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர், மனைவி மரியம்மாள் அதே பள்ளியில் டீச்சர், கோச்சடையில் வாடகை வீடு, பழைய டிவிஎஸ் வண்டி என்று இருக்கும் மனிதருக்குக் கர்வப்பட வேறு என்ன இருக்கிறது?

அந்தச் சத்தியத்தை நம்பி நாங்கள் மறுபடி ஃபோல்டரை நிரப்பினோம். ஆபீஸ் வேலையைவிட எங்கள் சொந்தச் சமாச்சாரம்தான் அதில் அதிகம். ஆண்களுக்கு இது விளங்காது. எங்கள் போன் எங்களுடையது இல்லை. பிள்ளை கேம் ஆடும், மாமியார் நாடகம் பார்ப்பார், புருஷன் ராத்திரி எடுத்து யார் யார் பேசினார்கள் என்று நோண்டுவான். பீரோ சாவி வீட்டுக்கே பொதுச்சாவி. எங்களுக்கென்று பூட்டு உள்ள ஒரே இடம் படிக்கட்டுக்கு அடியில் இருந்த அந்த ஃபோல்டர்தான். நான் என் பங்குக்கு என் நாத்தனார் பேசிய பேச்சையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன்.

முத்துமீனா வைத்திருந்தது வேறு.

அவள் டெஸ்பாட்ச் பிரிவில் பில் அடிக்கிற பெண். சமயநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். முகத்தில் எப்போதாவது வீக்கம் தெரியும். கேட்டால், "பாத்ரூம்ல வழுக்கிருச்சுக்கா" என்பாள். அந்த வீட்டுப் பாத்ரூம் மட்டும் எப்படித்தான் அம்புட்டு வழுக்கியதோ. அவள் புருஷன் கருத்தக்கண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சில நாள் சாயங்காலம் கூட்டிப்போக வருவான். வாசலில் நின்று எங்கள் எல்லாரையும் "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் அடித்த ஒவ்வொரு முறையும் மறுநாள் முத்துமீனா ஆபீஸ் பாத்ரூமில் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுப் போட்டோ எடுத்திருக்கிறாள். தோள், முதுகு, கழுத்து. எடுத்த கையோடு கேபிள் போட்டுத் தன் ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவாள். ராத்திரி அவன் போனை வாங்கிப் பார்ப்பானே. வருஷக்கணக்காக இப்படிச் சேர்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோதெல்லாம் அவன் பக்கத்திலேயே நின்றதால் அங்கேயும் வழுக்கி விழுந்ததாகத்தான் சொன்னாள். டாக்டர்களும் அப்படியே எழுதினார்கள். ஆக, நடந்தது நடந்தபடி இருந்தது அந்தப் போட்டோக்களில் மட்டும்தான். இதெல்லாம் பின்னால் அவள் வாயால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவள் வேலைக்கு வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. பூஜைக்கு முன்னால் எங்கள் ஆபீசில் எல்லாவற்றையும் கழுவித் துடைப்பது வழக்கம். ஃபேன், ஜன்னல், டேபிள் டிராயர் என்று நாங்கள் துடைக்க, ஜேசுராஜ் சர்வரைச் சுத்தம் செய்வார். விஜயதசமியன்று நல்ல நேரத்தில் புது பில்லிங் சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும் என்று ஜெயபாண்டி நாள் குறித்திருந்தார். சர்வரிலோ இடம் இல்லை. சொந்தப் படம், வீடியோ வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மீதி அழிக்கப்படும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார் ஜேசுராஜ். ஆளாளுக்கு வந்தும் சொன்னார். முத்துமீனாவுக்கு மட்டும் போன் போகவில்லை.

"அவ ஃபோல்டர்ல அப்படி என்ன இருக்கப் போவுது, ஏதாவது பிள்ள படமா இருக்கும். திறந்து பாத்துட்டுத்தான் அழிங்களேன்" என்று ஜெயபாண்டி சொன்னதாக ஞாபகம். ஜேசுராஜ் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். எல்லா ஃபோல்டரையும் முதலில் பேக்கப் டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்துக்கொண்டார். யாராவது அழுதுகொண்டு வந்து நின்றால் எடுத்துக் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். அதன் பிறகு, எந்த ஃபோல்டரையும் திறக்காமலே, படங்களையும் வீடியோக்களையும் மட்டும் துடைக்கும்படி ஒரு கட்டளை கொடுத்தார். சர்வரில் தாராளமாக இடம் கிடைத்தது.

பூஜையன்று ஆளுக்கொரு ஆயுதத்தை மேஜையில் வைப்போம். கால்குலேட்டர், ஸ்டேப்ளர், குடோன் சாவிக்கொத்து, ரப்பர் ஸ்டாம்பு. ஜேசுராஜ் கிறிஸ்தவர்தான், ஆனால் பொரி கடலை வாங்கி வருவதே அவர்தான். தன் ஆயுதமாக அவர் எப்போதும் வைப்பது அந்தப் பேக்கப் டிஸ்க்கை. அந்த வருஷமும் வைத்தார். டெஸ்பாட்ச் பையன்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பன்னீர்ச் செம்பைக் கவிழ்க்காத குறையாகத் தெளித்தார்கள். நானும்தான் தெளித்தேன், எல்லாரும் தெளித்தோம். பூஜை முடிந்தபின் எதையும் தொடக்கூடாது என்பதால் எல்லாம் ஈரத்தோடு அப்படியே ராத்திரி முழுக்கக் கிடந்தது. மறுநாள் விஜயதசமி. குறித்த நேரத்தில் புது சாஃப்ட்வேரை ஏற்றினார்கள். காலியாக இருந்த இடத்தையெல்லாம் அது நிரப்பிக்கொண்டது.

லீவு முடிந்து ஆபீஸ் திறந்த அன்று முத்துமீனா வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, நான் அந்த வீட்ட விட்டு வந்துட்டேன். வாடிப்பட்டில எங்கம்மா வீட்டுல இருக்கேன். போன ஒடச்சுட்டான், பிள்ளையப் புடிச்சு வச்சுக்கிட்டான். வக்கீல் ஐரின் மேடத்தப் பாத்துட்டேன். திவ்யாவ என்கிட்டக் குடுக்கச் சொல்லி கோர்ட்டுல கேக்கப் போறாக. என்கிட்ட எல்லாத்துக்கும் போட்டோ இருக்குக்கா" என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். திவ்யா அவளுடைய ஏழு வயது மகள்.

பிறகு ஜேசுராஜைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு பென்டிரைவ்ல ஏத்திக் குடுங்கண்ணே, ஒத்தக் கையில முடியல."

அவர் வந்தார். "நீங்களே திறங்கம்மா" என்றார். முருகனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவள் ஒற்றைக் கையால் பாஸ்வேர்டு அடித்தாள். திறந்தாள். மவுசை மேலும் கீழும் உருட்டினாள். "அண்ணே" என்றாள். "ஒண்ணுமே இல்லியேண்ணே."

ஜேசுராஜ் திரும்பவில்லை. அவர் பிடரியில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். "என்ன வச்சிருந்த தாயீ?" என்று சுவரைப் பார்த்தே கேட்டார். அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் ஓடினார்.

பேக்கப் டிஸ்க்கைச் செருகினார். விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது. கழற்றிப் பார்த்தால் கேபிள் செருகும் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பன்னீர் எதுவரை போயிருந்ததோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். டவுன்ஹால் ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினார். சென்னைக்கு அனுப்பினார். உள்ளே தகடு கீறிப்போயிருக்கிறது, ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்வரில் அழித்ததைத் தோண்டி எடுக்கலாமா என்று ராப்பகலாக முயன்றார். அங்கே விஜயதசமி சாஃப்ட்வேர் உட்கார்ந்திருந்தது.

அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். "நான் ஒரு தடவ, ஒரே ஒரு படத்தப் பாத்திருந்தா வாணி" என்பார். யாரைக் குறை சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. பார்த்திருந்தால் அந்தப் படங்களே அங்கே இருந்திருக்காது. பார்க்க மாட்டார் என்று நம்பித்தானே அவள் வைத்தாள்?

வக்கீல் ஐரின் யோசித்து ஒரு வழி சொன்னார். படங்கள் போனாலும், எந்தப் பெயரில் எந்தத் தேதியில் என்னென்ன ஏறியது என்ற பதிவு சர்வரில் இருக்கிறதே, அதை ஜேசுராஜ் வந்து சாட்சி சொல்லட்டும் என்றார். கம்பெனி பெயரைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம் என்று ஜெயபாண்டி தடுத்துப் பார்த்தார். ஜேசுராஜ் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன்.

ஐரின் கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னார். கருத்தக்கண்ணனின் வக்கீல் எழுந்தார். நல்ல கனிவான குரல் அவருக்கு.

"அந்த ஃபைல்கள் எல்லாம் படங்கள்தானே?"

"ஆமாங்க."

"கல்யாணப் படமாக இருக்கலாம், குழந்தையின் பிறந்தநாள் படமாகவும் இருக்கலாம், இல்லையா?"

"அந்தப் பொண்ணு சொல்லுச்சுங்க, அது..."

"அவர் சொன்னதைக் கேட்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா?"

ஜேசுராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் புத்தகம் அங்கே இருந்தது.

"உங்களிடம் எல்லா ஃபோல்டருக்கும் சாவி இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு படத்தையாவது நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே என்று நான் மனதுக்குள் கத்தினேன். யாருக்குத் தெரியப் போகிறது? முத்துமீனா மாவுக்கட்டு பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கலிங்க" என்றார் ஜேசுராஜ்.

"ஏன்?"

"நான் யாரு ஃபோல்டரையும் திறக்க மாட்டேன்."

வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கருத்தக்கண்ணன் பின்பெஞ்சிலிருந்து எங்களைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தான்.

கொடுமை நடந்ததற்கு ஆதாரம் போதவில்லை என்று சொல்லி, பிள்ளை இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. ஐரின் மேல்கோர்ட்டில் பார்க்கலாம் என்றார். முத்துமீனா இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனவள் திரும்பவில்லை. பெட்டியோடு அங்கேயே இருந்துவிட்டாள்.

"பிள்ள தூங்குறப்பகூட செருப்பக் கழட்ட மாட்டேங்குதுக்கா. எந்நேரமும் ஓடுறதுக்கு ரெடியா இருக்கு. நான் எப்படிக்கா வர?" என்றாள். அவள் மறுபடி முழுக்கை ரவிக்கையில் வேலைக்கு வந்தாள்.

வந்த அன்றே ஜேசுராஜின் அறைக்குப் போனாள். நானும் கூட இருந்தேன். அவர் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரை அவள் விடவில்லை.

"அண்ணே, அன்னைக்கு நீங்க பொய் சொல்லாததுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அந்தச் சத்தியம் எனக்கு வேணாம். என் ஃபோல்டர மட்டும் தெனமும் காலையில திறந்து பாருங்க. நானே சொல்றேன், பாருங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். மறுநாளிலிருந்து சர்வரைப் பார்த்தவுடன் அவர் செய்த முதல் வேலை அதுதான். அந்த ஃபோல்டரைத் திறப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணும் இல்ல வாணி" என்று சொல்லிவிட்டுப் போவார். சொல்லும்போது அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வரும். மார்கழி முழுக்க அப்படித்தான் போனது.

தைப்பொங்கல் லீவு முடிந்து வந்த இரண்டாம் நாள், சாப்பாட்டு நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டார். போனேன். திரையில் ஒரு படம் திறந்திருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முத்துமீனாவைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் படத்தில் இருந்தது சின்னக் கை. கண்ணாடி வளையலுக்கு மேலே, பூப்போட்ட கவுனின் குட்டைக் கை வரைக்கும், நாலு விரல் பதிந்து கன்றிப்போயிருந்தது. அந்தக் கவுனை எனக்குத் தெரியும். பொங்கலுக்கு திவ்யாவுக்கென்று முத்துமீனா என்னோடுதான் வந்து வாங்கினாள்.

ஜேசுராஜ் அந்தப் படத்தை ஒன்றுக்கு மூன்றாகக் காப்பி எடுத்து, ஒரு பென்டிரைவை என் கையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்த புத்தகத்தை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார்.

"ஐரின் மேடத்துக்குப் போனப் போடு வாணி" என்றார். "நான் பாத்துட்டேன். இப்ப அந்த வக்கீலக் கேக்கச் சொல்லு."